சர்வருக்கு ஒரு நாள் ஓய்வு

தொலைபேசியில் எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திய பிறகும் காதில் லேசாக ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். அது அவருடைய அறையின் மின்விசிறி அல்ல. அவருடைய மூச்சும் அல்ல. இணையத்தின் வழியாகப் பேசும்போது மௌனத்தை யாரும் அனுப்புவதில்லை. வீண் சுமை என்று அனுப்பும் கருவியே நிறுத்திவிடும். அந்த இடைவெளியில் நம் கையிலிருக்கும் கருவி தானாகவே கொஞ்சம் இரைச்சலைத் தயாரித்து நம் காதில் ஊற்றுகிறது, லைன் செத்துவிட்டது என்று நாம் பயந்துவிடக் கூடாதே என்று. எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே ஆறுதல் இரைச்சல்.

எங்கள் ஆபீசில் அதைப் போட்டுவிட்டவன் நான். அதற்கு முன்பெல்லாம் என் மனைவி கம்ப்யூட்டரில் தேதி தேடுகிற சின்ன இடைவெளியில் எதிர்முனையில் கலவரமாகிவிடும். "அலோ... அலோ... அடியே, வெச்சுப்போட்டாளாட்ட இருக்குது" என்று யாரோ யாரிடமோ சொல்வது இவள் காதில் விழும். இவள் பதறிப்போய், "இருக்கறனுங்க, இங்கதான் இருக்கறேன்" என்பாள். நாளெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியது. இரைச்சலைப் போட்ட பிறகு யாரும் கேட்கவில்லை. அவள் இருக்கிறாள் என்று ஒரு இயந்திரம் பொய் சொன்னது, எல்லோரும் நம்பினார்கள்.

மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டின் மாடிதான் ஆபீஸ். கீழே ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர், மேலே நாங்கள். ஊரில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு கண் கிளினிக்குக்கு வருகிற அழைப்புகளை எடுத்துப் பேசி, டாக்டர் நேரம் கொடுப்பது வேலை. கன்னட லைனில் சில பெண்கள். தமிழ் லைனில் என் மனைவியும் அவளுக்குக் கீழே இரண்டு பேரும். ஹனூர் பக்கம், சாமராஜநகர் பக்கம், மலைக்கு அந்தப்புறம் என்று எங்கிருந்தெல்லாமோ கூப்பிடுவார்கள். கண்ணில் பூ விழுந்தவர்கள், சொட்டு மருந்தை எத்தனை நேரத்துக்கு ஒருதரம் விடுவது என்று மறந்தவர்கள், வியாழக்கிழமை டாக்டர் வருவாரா என்று ஒவ்வொரு புதன்கிழமையும் கேட்கிற ஒரு மிளகாய் வியாபாரி. சர்வர், ரவுட்டர், வை-ஃபை, கம்பி எல்லாம் என் பொறுப்பு.

என் மனைவி ஹனூர் பக்கத்து ராமாபுரத்துக்காரி. மைசூருக்கு வந்து பாதி ஆயுள் ஆகிறது. கன்னடம் நன்றாகவே பேசுவாள், ஆனால் வாயைத் திறந்ததும் காய்கறிக்காரர் ஒரு கணம் நின்று "தமிழா?" என்பார். வீட்டில் அவள் தமிழில் கேட்டால் எங்கள் மகள் கன்னடத்தில் பதில் சொல்வாள். அதில் கோபமோ அலட்சியமோ கிடையாது, அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் வருகிறது. நான் பிறந்ததே இந்த ஊரில். என் தமிழ் பாதி ஓட்டை. ஆக அவள் பேச்சு முழுசாக வேலை செய்கிற ஒரே இடம் அந்த மாடியில், ஜன்னல் பக்கத்து நாற்காலி. காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் ஆள் நிமிர்ந்துவிடுவாள். "ஏனுங்க, கண்ணத் தேய்க்காதீங்க, சொன்னாக் கேளுங்க" என்று முகம் தெரியாத ஒருவரை அதட்டுவாள். அவர்களும் கேட்பார்கள்.

அந்த நாற்காலிதான் போகப் பார்த்தது.

மழைக்காலத்தில் லைன் அடிக்கடி விழுந்தது. எங்கள் தவறு பாதி, வெளிக்கம்பியின் தவறு பாதி. கிளினிக்கின் மேலாளர் எங்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டார்: இனி ஒரு வேலைநாளில் லைன் கிடைக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் இயந்திரக் குரலுக்கு மாற்றிவிடுவோம். முதலாளி அதைக் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார். போனால் ஆபீசே போகும், என் வேலையும் போகும். ஆனால் என் கண்முன் தெரிந்ததெல்லாம் அந்த ஜன்னலோர நாற்காலி காலியாக நிற்பதுதான்.

சர்வர் இருந்தது பூசை அறையில். வீட்டைக் கட்டியவர்கள் மாடியிலும் ஒரு பூசை அறை வைத்திருந்தார்கள். துளைத் துளையாகச் செதுக்கி, ஒவ்வொரு துளையிலும் சின்ன வெண்கல மணி தொங்கும் கதவு. காற்று போகும், பூட்டும் உண்டு, சர்வருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் மணிகள் கிணுகிணுக்கும். பெண்கள் அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். சிரிப்புக்குத் தொடங்கிய பழக்கம், பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த சர்வர் நிறுத்தப்பட்டதே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்து, ஆண்டுக் கணக்காக, ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக விழித்திருக்கிறாய் என்று கேட்க அதற்கு ஒரு கட்டளை உண்டு. காலையில் வந்ததும் அதைத் தட்டி அந்த எண்ணைப் பார்ப்பேன். சிலர் கண்ணாடி பார்த்துக்கொள்வதில்லையா, அதுபோல. என் வாழ்க்கையில் நிற்காமல் ஓடிய ஒன்று இருந்தது என்றால் அது மட்டும்தான்.

ஆயுத பூசை வந்தது. கிளினிக்குக்கு அன்றும் மறுநாளும் விடுமுறை. ஆபீசில் பூசை மட்டும். கம்ப்யூட்டர்களை அணைத்துத் துடைத்து வரிசையாக நிற்க வைத்தோம், ஹெட்செட்டுகளைத் தாம்பாளத்தில் அடுக்கினோம். கீழே என் ஸ்கூட்டருக்கும் முதலாளியின் காருக்கும் வாழைக்கன்று கட்டியாயிற்று. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு பூசை அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இது ஓடிக்கிட்டே கெடக்குது?"

"அது ஓடணும்."

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. உங்க வண்டி நிக்குது, ஃபேனு நிக்குது. இது ஒண்ணு மட்டும் ஓடிக்கிட்டிருந்தா அதென்ன பூசைங்க? மாடே இன்னைக்கு ஏர்ல நிக்காது."

"அதை நிறுத்தினதே இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். உழைக்கறதுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?"

கன்னட லைன் பெண்ணொருத்தி எட்டிப் பார்த்தாள். "அக்கா சொல்றது சரி சார். நீங்க கூடத்தான் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி நெற்றியில் குங்குமத்தோடு வந்தார். "கிளினிக் ரெண்டு நாள் லீவு தானே? ஏனூ ஆகல்ல, பிடி சார்" என்றார். ஒன்றும் ஆகாது, விடுங்கள் என்று.

ஓடுவதை நிறுத்தாதே என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. யாரும் அதற்கு விளக்கம் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. அவளுடைய சாமியும் என்னுடைய சாமியும் அந்தச் சின்ன அறைக்குள் முட்டிக்கொண்டன. அவளுடைய சாமிக்குக் கற்பூரம் இருந்தது. என்னுடையதற்கு ஒரு எண் மட்டும்.

நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். உள்ளே விசிறிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் குரல் இறங்கின. கடைசி விசிறி நின்றதும் மாடி முழுக்க ஒரு அமைதி வந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒரு சத்தம் இருந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மனைவி அதன் நெற்றி போலிருந்த முன்பக்கத்தில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, செண்டுமல்லிச் சரத்தைப் போட்டாள். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வெளியே வருகிறவளைப் போலக் கதவை மணி அடிக்காமல் சாத்தினாள். வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பொரி கடலை தின்றோம். நல்ல நாளாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து நான்தான் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் எழுந்தன, திரையில் எழுத்துகள் ஓடின, எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்துகள் நின்றபோது நான் மட்டும் கைதட்டவில்லை. வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியை உள்ளே வாங்கிக்கொள்ள அந்த சர்வருக்குள் ஒரு அட்டை உண்டு. அப்படி ஒரு அட்டையே இல்லை என்றது சர்வர். அட்டை அங்கேதான் இருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ஒரு சர்வரின் நடுவே கெர்னல் என்று ஒன்று இருக்கும், எல்லாக் கருவிகளோடும் பேசத் தெரிந்த உயிர்ப்பகுதி. எனக்கு முன்னால் இருந்தவர் அதைப் புதுப்பித்துவிட்டு, இடம் போதவில்லை என்று பழையதை டிஸ்கிலிருந்து அழித்திருக்கிறார். புதியது வேலைக்கு வர வேண்டுமானால் ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். அவர் எழுப்பவில்லை. ஆகவே இத்தனை காலமும் ஓடிக்கொண்டிருந்தது பழையது. டிஸ்கில் அதன் சுவடே கிடையாது. நினைவகத்தில் மட்டும், மின்சாரம் இருக்கிற வரையில் மட்டும், அது இருந்தது. அந்த அட்டையோடு பேசத் தெரிந்தது அதற்குத்தான். நாங்கள் அதற்கு ஓய்வு கொடுத்தோம்.

"எந்திரிச்சிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"எந்திரிச்சிருச்சு. நம்மள அடையாளம் தெரியல."

அவள் சந்தனத்தைப் பார்த்தாள். காய்ந்து வெடித்திருந்தது. "சந்தனம் உள்ள எறங்கியிருக்குமோ?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப நிறுத்துனதுதான்."

நான் திரையைப் பார்த்தேன். சில கேள்விகளுக்கு ஆமாம் என்பதும் இல்லை என்பதும் ஒரே அளவு கொடுமை.

ஊரே தசரா யானை ஊர்வலம் பார்க்கப் போயிருந்தது. மகள் தோழிகளோடு போய், கூட்டத்திலிருந்து படம் படமாக அனுப்பினாள். நாங்கள் இருவரும் மாடியில் இருந்தோம். அட்டையைப் புதிய கெர்னலுக்குப் பழக்க ஒரு நிரல் வேண்டும், அதை எழுதிய நிறுவனமோ இப்போது இல்லை. அதன் பழைய மூலநிரலை எங்கிருந்தோ எடுத்து, இங்கே ஒன்று திருத்த அங்கே ஒன்று உடைய, பகல் போனது. அவள் எலுமிச்சம்பழச் சோற்றைப் பிசைந்து தட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள், காய்ந்த பிறகு எடுத்துப் போனாள். செண்டுமல்லிச் சரத்தையும் எப்போதோ கழற்றியிருந்தாள்.

மறுநாள் காலை கிளினிக் திறந்தது. முதலாளி தொலைபேசிக் கம்பெனியில் கெஞ்சி, கிளினிக்கின் எண்ணை ஒரு இணையத் தொலைபேசி எண்ணுக்குத் திருப்பிவிடச் செய்தார். அந்த அழைப்புகளை என் மடிக்கணினியில் வாங்கி, பெண்களின் சொந்த மொபைல்களுக்கு ஆபீஸ் வை-ஃபை வழியாகப் பிரித்துவிட்டேன். தாக்குப்பிடித்தால் போதும், சாயங்காலத்துக்குள் சர்வரை எழுப்பிவிடலாம் என்று கணக்கு. ஆனால் விஜயநகர் காற்று சும்மாவா இருக்கிறது? சுற்றியுள்ள வீடு ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர், பண்டிகைக்கு வந்த விருந்தாளிகள், ஆளுக்கொரு மொபைல், மொபைலுக்கொரு சினிமா. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சந்தைக்கடையில் எங்கள் குரல்கள் இடிபட்டுத் தொலைந்தன.

இணையத்தில் பேச்சு பேச்சாகப் போவதில்லை. பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி எழுதி விடுவார்கள். ஒரு படமோ கடிதமோ வழியில் தொலைந்தால் வாங்கும் கருவி திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். குரல் தொலைந்தால் யாரும் திரும்பக் கேட்பதில்லை. தாமதமாக வந்து சேர்ந்த துண்டையும் தூக்கி எறிந்துவிடும், பேச்சு அதற்குள் வேறெங்கோ போயிருக்கும் என்பதால். இதை நான் எத்தனையோ பேருக்குச் சாதாரணமாக விளக்கியிருக்கிறேன். அன்று என் மனைவி ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, மொபைலை வானத்துக்குக் காட்டிக் காட்டிப் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வியா... வியாழக்கெழமைங்க. வியாழன். அய்யா, கேக்குதுங்களா?"

மிளகாய் வியாபாரிதான். ஸ்பீக்கரில் அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது. "ஏம்மா, கெணத்துக்குள்ள எறங்கிட்டா பேசுற?"

"ஆமாங்க, கெணத்துலதான் கெடக்கறோம்."

"தண்ணி இருக்குதா?"

"இல்லீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பாதிதான் வந்து சேர்ந்தது. பிறகு லைன் விழுந்தது.

மதியத்துக்குள் கிளினிக்கிலிருந்து முதலாளிக்கு அழைப்பு வந்துவிட்டது. அவர் உள்ளே வந்து, கிளினிக்கின் எண்ணைத் தன் மொபைலில் அழைத்து மேசைமேல் வைத்தார். ஒரே மணியில் எடுத்தது. கன்னடத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு. இரண்டை அழுத்தினார். ஒரு பெண் குரல், எந்த ஊரும் இல்லாத தமிழில், ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல், எந்தக் கிளையில் எந்த டாக்டர் எந்தக் கிழமை என்று சொல்லிக்கொண்டே போனது. வியாழக்கிழமை டாக்டரையும் சொன்னது. மனைவி கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் பேசுது" என்றாள். "ஒரு தும்மல் இல்ல, செருமல் இல்ல."

எனக்கு வேறொன்று உறைத்தது. அத்தனை கிளை, அத்தனை டாக்டர், இரண்டு மொழி. அரை நாளில் செய்கிற வேலை அல்ல அது. பண்டிகைக்கு வெகு முன்பே செய்து முடித்து, ஒரு சாக்குக்காக வைத்திருந்திருக்கிறார்கள். முதலாளியைப் படிக்கட்டில் பிடித்துக் கேட்டேன். "கொத்து சார்" என்றார். தெரியும் என்று. அடுத்த மாதம் எப்படியும் மாற்றியிருப்பார்கள். நாங்கள் சர்வரை நிறுத்தியிருந்தாலும் சரி, நிறுத்தாமல் கோவில் கட்டியிருந்தாலும் சரி.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரில் திரும்பிச் சொன்னேன். "மொதல்லயே முடிவு பண்ணிட்டாங்களாம். நம்ம பூசைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"நெசமாச் சொல்றேன்."

"எனக்காகச் சொல்றீங்க. தெரியும்."

வீட்டில் மீண்டும் சொன்னேன். அந்தக் குரலை அரை நாளில் ஏன் செய்ய முடியாது என்று விளக்கினேன். சர்வர் பற்றிப் பேசும்போது என் குரல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல. அவளுக்கு அது சமாதானம் சொல்கிறவன் குரலாகவே கேட்டது. மகள் இடையில் வந்து, "பிடம்மா" என்றாள். விடு என்று அர்த்தம். விடத்தான் எல்லோரும் சொன்னோம். எதை என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் சர்வர் அட்டையை அடையாளம் கண்டுகொண்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், முன்பைவிட நன்றாக ஓடியது. ஒரு பிழை இல்லை. எல்லா இணைப்பும் பச்சை விளக்கில் நின்றது. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான வேலை அது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை.

மாதக் கடைசி வரை ஆபீசைத் திறந்து வைக்க முதலாளி முடிவு செய்தார். வேறு ஏதாவது கிளினிக், வேறு ஏதாவது பஸ் கம்பெனி வரும் என்றார். எங்களை நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னார். பெண்கள் வந்தார்கள், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்கள், பூக்கட்டினார்கள். ஒருநாள் தமிழ் லைன் மணி அடித்தது. பூ மடியிலிருந்து சிதற எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள். முழு வணக்கமும் சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள், நெடுநேரம். அவள் முகத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில், "நன்றிங்க, வணக்கம்" என்று வைத்தாள்.

"யாரு அக்கா?"

"கடன் வேணுமான்னு கேக்குது. பதிஞ்சு வெச்ச கொரலு."

"அதுக்கா நன்றி சொன்னீங்க?"

"வாயி பழகிப்போச்சு."

கடைசி நாளன்று நாற்காலிகளை எடுத்துப்போக ஆள் வர இருந்தது. அதற்கு முன் எல்லா லைனையும் ஒருமுறை சோதித்துவிட்டு நிறுத்துவது முறை. யாருக்காகச் சோதிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனாலும் செய்தேன். என் மொபைலும் ஆபீஸ் வை-ஃபையில் ஒரு லைன்தான். படிக்கட்டில் நின்று தமிழ் லைனுக்கு அழைத்தேன். அவள் எடுத்தாள். கிளினிக்கின் பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். அழைப்பது நான்தான் என்று அவள் திரை காட்டியிருக்கும்.

"கண்ணு பாக்கணும்" என்றேன்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

"வயசு?"

"போன்ல கேக்கறீங்களே, கூச்சமா இருக்குது."

"உங்க வயசுல கூச்சமென்னங்க. என்ன தொந்தரவு?"

"எழுத்தெல்லாம் கலங்குது."

"கம்ப்யூட்டரயே மொறச்சுப் பாத்துக்கிட்டிருந்தா கலங்காம என்ன செய்யும். கண்ணத் தேய்க்காதீங்க. வியாழக்கெழமை வாங்க, டாக்டர் இருப்பாரு."

சிரித்துக்கொண்டே படிகளில் இறங்கினேன். ஒரு இடத்தில் நின்று பேச எனக்கு எப்போதுமே வராது, கால் நடந்துகொண்டே இருக்கும். அப்போது அவள் கேட்டாள். அந்தக் குரல் வேறு. கிளினிக்குக் குரல் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை. முகத்துக்கு நேராக அவளால் கேட்க முடியாமல் இத்தனை நாள் வைத்திருந்தது.

"ஏனுங்க, நீங்க சொன்னது நெசமா? மொதல்லயே முடிவு பண்ணிட்டாங்களா? நான் நிறுத்தச் சொன்னதுனால இல்லையா?"

"நெசம்" என்றேன். "சத்தியமா."

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். கடைசிப் படி, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில். ஆபீஸ் வை-ஃபை முடிகிற இடம். அந்த இடம் எனக்கு நன்றாகவே தெரியும், அளந்து வைத்தவனே நான்தான். திரையில் வை-ஃபையின் கோடுகள் இருந்தனவா, போய்த் திரும்பி வந்தனவா, கவனிக்கவில்லை. என் சொல் போய்ச் சேர்ந்ததா, காற்றிலேயே உதிர்ந்ததா? உதிர்ந்ததை யாரும் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

மேலே ஓடிப்போய் நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னதைத்தான் அவள் நம்பவில்லையே. இப்போது மீண்டும் சொன்னால், இதுவும் இன்னொரு சமாதானம் என்றே எடுத்துக்கொள்வாள். மொபைலைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டின் பக்கத்தில் நின்றேன். நாற்காலி எடுக்க வந்த வண்டி தெருமுனையில் திரும்பியது. அவள் வைத்துவிடவில்லை, அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதில் அந்த மெல்லிய இரைச்சல், ஒருவர் எதிரே இருந்து மூச்சு விடுவதைப் போலவே.

அதைத் தயாரிப்பது யார் என்று எனக்குத் தெரியும்.